தராசு சாயாத சந்தை

 

வாரத்தில் ஒரே ஒரு நாள் உயிர் பெற்று, பொழுது சாயும்போது வெற்றுத் திடலாகிவிடும் வாரச் சந்தையைப் பற்றி இம்மாதம் உங்களோடு உரையாட விழைகிறேன். 'குடும்ப இதழில் சந்தைக்கு என்ன வேலை?' என்று சிலர் வினவக்கூடும். நம் அடுக்களைக்கு வரும் காய்கறியும், நம் சகோதரர்கள் பலருடைய பிழைப்பும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாம் வாங்கும் குர்பானி ஆடும் சந்தை வழியாகத்தானே வருகின்றன? நம் இல்லத்துக்குள் நுழையும் ஒவ்வொரு பொருளும் ஹலாலா என்று பார்க்கின்ற நாம், அது எடை குறையாமல், ஏமாற்று இல்லாமல் வந்ததா என்றும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில், சந்தை ஏன் வாரத்திற்கு ஒருமுறை கூடுகிறது என்பதைச் சிந்தியுங்கள். ஒரு சிற்றூரில் நாள்தோறும் துணிக்கடை வைத்தால் வாங்குவோர் போதாது. கடைக்காரர் பட்டினி கிடப்பார். ஆனால் திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர் என்று ஏழு ஊர்களைச் சுற்றி வந்தால், ஏழு ஊர்களின் தேவையும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். வாங்குவோருக்கும் அலைச்சல் இல்லை. நகரத்துப் பண்டம் அவர்கள் வாசலுக்கே வருகிறது. ஊர்கள் தங்களுக்குள் கிழமைகளைப் பங்கிட்டுக் கொண்ட இந்த ஏற்பாட்டில் நம் முன்னோரின் கூர்மதி விளங்குகிறது.

நம் தமிழகத்தில் இன்றும் இவ்வழக்கம் செழிப்பாகவே இருக்கிறது. வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை; விடியற்காலை இருளிலேயே தொடங்கி முற்பகலில் கலைந்துவிடும். தெற்கே எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. நம் மக்கள் திரளாக வாழும் மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தை. சென்னைப் பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தையிலோ பூச்செடி முதல் பழைய கடிகாரம் வரை கிடைக்காத பொருளில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் ஆட்டுச் சந்தைகளில் கால் வைக்க இடமிருக்காது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இவ்வேற்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் தென்கோடியில் ஸ்பெயின் நாட்டு மத்தியதரைக் கடற்கரையிலும் இதே கிழமை முறை நடைபெறுகிறது. மார்பெல்லா என்னும் ஊரில் திங்கட்கிழமை, ஃபுவென்ஹிரோலாவில் செவ்வாய்க்கிழமை, எஸ்தெபோனாவில் புதன்கிழமை எனத் திறந்த வெளியில் சந்தை கூடும். காலையில் துணிப்பந்தல் எழும். ஆலிவ் காய், பழம், துணிமணி, தோல் பொருள் எல்லாம் விற்கும். மதியம் கடந்ததும் பந்தல் பிரிந்து வண்டியேறும். அடுத்த நாள் அதே வணிகர் அடுத்த ஊரில் பந்தல் போடுவார். நம் பொய்கையிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் யாரேனும் அங்கே சென்றால், மொழி புரியாவிட்டாலும் நடப்பது புரிந்துவிடும்.

அந்தக் கடற்கரை நமக்கு அந்நியமானதன்று. ஃபுவென்ஹிரோலாவின் அரபுப் பெயர் சுஹைல். அவ்வூர்க் கோட்டை இன்றும் சொஹைல் கோட்டை என்றே வழங்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றுக்கு 'அர்ரவ்ளுல் உனுஃப்' என்னும் விரிவுரை எழுதிய இமாம் சுஹைலி அவர்களின் பெயர் அவ்வூரைச் சார்ந்ததே. அவர்கள் 1185ஆம் ஆண்டு மராக்கிஷ் நகரில் மறைந்தார்கள். அருகிலுள்ள மாலகா நகரைச் சேர்ந்த அஸ்ஸகதி என்பார் 13ஆம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வை பற்றித் தனி நூலே எழுதினார். மாவு விற்பவர், ரொட்டி சுடுபவர், இறைச்சி விற்பவர், மருந்துச் சரக்கு விற்பவர் ஆகியோர் என்னென்ன வழிகளில் ஏமாற்றுவார்கள், அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரிக்கும் நூல் அது. அவருக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவில் நகரத்து இப்னு அப்தூன் அவர்களும் இத்தகைய நூல் ஒன்றை எழுதியிருந்தார்கள்.

இந்த மேற்பார்வைக்கு 'ஹிஸ்பா' என்று பெயர்; மேற்பார்வையாளர் 'முஹ்தஸிப்'. தராசையும் படியையும் சோதிப்பது, கலப்படத்தைத் தடுப்பது, வழியை அடைத்துக் கடை போடாமல் காப்பது முதலியன அவருடைய பணிகள். 1238இல் வலென்சியா நகரம் கிறிஸ்தவ மன்னர் ஹைமேயின் வசமாயிற்று. அவர் மறு ஆண்டே அந்நகரத்தில் அதே பதவியை, ஏறத்தாழ அதே பெயரிலேயே தொடர்ந்து வைத்துக்கொண்டார். மாலகா 1487இலும் கிரானடா 1492இலும் வீழ்ந்தன. 1609 முதல் 1614 வரை அங்கு எஞ்சியிருந்த முஸ்லிம் வழிவந்தோரும் நாடு கடத்தப்பட்டனர். மக்கள் போயினர், சந்தையின் சொற்கள் அங்கேயே தங்கிவிட்டன. சந்தையைக் குறிக்கும் 'சோக்கோ' நம் 'சூக்' என்பதே. பண்டகசாலையைக் குறிக்கும் 'அல்மசேன்' அரபு 'அல்மக்ஸன்'. ஏலத்தைக் குறிக்கும் 'அல்மொனேதா' அரபு 'அல்முனாதா'. எடை மேற்பார்வையாளருக்கு 'அல்மொத்தசேன்' என்ற பெயர், அது முஹ்தஸிபேதான். ஆட்சி மாறிய பின்னரும் புதிய ஆட்சியாளர் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டது எதை என்று பாருங்கள்: ஏழையின் தராசைக் காக்கும் பதவியை!

நம் தமிழிலும் இத்தகைய தடயங்கள் உண்டு. நாம் நாள்தோறும் கூறும் 'தராசு' பாரசீகத்திலிருந்து வந்தது. 'பாக்கி', 'வசூல்', 'அசல்' ஆகியவை அரபுச் சொற்கள். பழைய சென்னை மாகாணத்து மணங்கு எடை 25 பவுண்டு; ஸ்பெயின் நாட்டார் பயன்படுத்திய 'அரோபா' எடையும் அந்நாட்டுப் பவுண்டில் 25. அரோபா என்பது 'அர்ருப்உ', அதாவது கால் பங்கு என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கடல்கள் பல கடந்த இரு சந்தைகளில் ஏறத்தாழ ஒரே எடை புழங்கியது வியப்பன்றோ?

சந்தையைக் காக்கும் எண்ணம் வெளியிலிருந்துதான் இங்கே வந்தது என்று எவரும் கருதிவிட வேண்டாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலிலிருந்து இதை எழுதுகிறேன். இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கும் கல்விச்சாலைக்கும் யார் யாருக்கு எவ்வளவு நெல், விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், எந்தெந்த மருந்து எவ்வளவு இருப்பு என்றெல்லாம் அதில் அளவோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழியை மூன்று ஆறுகள் கூடும் இவ்வூரார் கல்லிலேயே எழுதி வைத்தார்கள் எனலாம்.

எங்கள் வட்டத் தலைநகரான உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அங்கே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் இருந்ததுபோல் பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்தது. பொன்னின் மாற்றைச் சோதிப்பது அதன் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. 849ஆம் ஆண்டுக் கொல்லத்துச் செப்பேடோ எடைக்கும் அளவைக்கும் உரிய காவலைப் பற்றிப் பேசுகிறது. அதில் சாட்சிகள் சிலர் அரபு எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். ஆகவே தராசின் நேர்மை எந்த ஒரு சமயத்தாருக்கும் தனிச் சொத்தன்று. மனிதர் கூடி விற்று வாங்கும் இடமெல்லாம் அதற்கு ஒரு காவல் தேவைப்பட்டிருக்கிறது.

அன்பர்களே! இனி இன்றைய சந்தைக்கு வருவோம். அங்கே மூன்று இடங்களில் ஏழை ஏமாற்றப்படுகிறான்: எடையில், குவியலில், விலையில்.

முதலாவது எடை. அடியில் ஈயம் சுரண்டப்பட்ட கல்லும், ஒரு பக்கம் காந்தம் ஒட்டிய தட்டும் நம்மில் பலர் கேள்விப்பட்டவையே. திருமறையின் 83ஆம் அத்தியாயம் எடையில் மோசம் செய்வோரின் பெயரையே தாங்கி நிற்கிறது. தாம் அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அது எச்சரிக்கிறது. நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்ட முறை எடையளவைச் சட்டத்தின் கீழ் எடைக்கற்களையும் தட்டுத் தராசையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறையும் சோதித்து முத்திரை பெற வேண்டும். தமிழகத்தில் இப்பணி தொழிலாளர் துறையினுடையது. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது வம்புக்குப் போவதாகாது. அது வாங்குபவரின் உரிமை. முறையீடு இருந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டாவது குவியல். கூறு கட்டி விற்பது நம் சந்தைகளின் வழக்கம். மேலே செக்கச் சிவந்த தக்காளி, அடியில் அழுகல். மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்தார்கள். சற்று ஊன்றிக் கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மழை எவர் கையிலும் இல்லை. குறையை மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். அழுகியதைத் தனிக் கூறாக வைத்துக் குறைந்த விலைக்கு விற்றால், அதை வாங்கிச் செல்லவும் ஓர் ஏழைத் தாய் இருப்பாள். அவள் தெரிந்தே வாங்குவாள்.

மூன்றாவது விலை. ஆட்டுச் சந்தைகளிலும் மாட்டுச் சந்தைகளிலும் துண்டு போட்டு விலை பேசும் வழக்கம் உண்டு. துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்தே விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. விற்பவரும் வாங்குபவரும் நேராகக் கை பிடித்தால் இதில் கேடில்லை. இருவருக்கும் இடையே தரகர் நின்று, இந்தக் கையில் ஒரு தொகையும் அந்தக் கையில் வேறொரு தொகையும் சொன்னால்தான் ஆபத்து.

இத்தகைய சந்தை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மூதாட்டி ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்து நின்றிருந்தார். தரகர் துண்டுக்கடியில் பேசி, இறைச்சிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவரிடம் 9,400 ரூபாய்க்கு முடித்தார். மூதாட்டியிடம் வந்து, "எட்டாயிரத்து ஐந்நூறு, கட்டிவிட்டேன்" என்றார். காசை எண்ணும் நேரத்தில் அந்தச் சகோதரர் பணத்தைத் தரகரிடம் கொடுக்கவில்லை. நேரே மூதாட்டியின் கையில் வைத்து, "ஆயா, எண்ணிக்கோங்க, ஒன்பதாயிரத்து நானூறு. தரகர் கூலியை நீங்களே கொடுங்க" என்றார். "எட்டரைன்னு சொன்னாரே, பாய்?" என்று அந்த அம்மையார் திகைத்தார். தரகர் முகம் சிவந்தது. கூலி வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார்.

அத்தோடு கதை முடியவில்லை. அடுத்த பல வாரங்கள் அச்சந்தையின் தரகர்கள் அந்தச் சகோதரரிடம் நல்ல ஆடு எதையும் கொண்டுவரவில்லை. அவரே கூட்டத்தில் நுழைந்து, ஆடு ஆடாகப் பல்லைப் பார்த்து, விற்பவரிடம் நேரே பேச வேண்டியதாயிற்று. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு அரை நாள் ஆயிற்று. நேர்மைக்கு விலை உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த விலையைக் கொடுக்க ஒருவர் முன்வந்தார் என்பதே என் நெஞ்சில் நிற்கிறது.

தரகு கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி பெறுவது முறையே. கூடாதது மறைப்பு. சரக்கோடு வரும் கிராமத்து வணிகரைச் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காரணம் எளிது. வழியில் இருப்பவருக்குச் சந்தை விலை தெரியாது. அந்த அறியாமையை விலைக்கு வாங்குவது வணிகமாகாது. விடியற்காலையில் சந்தைக்கு வரும் சாலைகளில் நின்று, மிதிவண்டியில் கீரைக்கட்டும் கோழியும் கொண்டு வருவோரை மடக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. அதன் பின்னணியிலும் இதே எண்ணம்தான். விளைவித்தவரே விற்பது, அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பது, உழவருக்குத் தராசு தருவது ஆகியவை அதன் அடிப்படைகள். அந்த ஒரு விலைப்பலகை, துண்டுக்கடியில் நடக்கும் பல வஞ்சகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவல்லது.

வெள்ளிக்கிழமைச் சந்தைகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. 'ஜும்ஆ நாளில் கடை போடலாமா?' என்பதே கேள்வி. ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்களை ஓதிப் பாருங்கள். தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரைய வேண்டும். தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேட வேண்டும். நாள் முழுவதும் கடையடைக்க அங்கே கட்டளையில்லை. அந்த ஒரு நேரத்தை மட்டும் வணிகம் விழுங்கிவிடக் கூடாது. செஞ்சி போன்ற சந்தைகள் முற்பகலில் முடிந்துவிடுவதால் சிக்கலில்லை. பல்லாவரம் போல் நாள் முழுவதும் நடப்பவற்றில், பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தொழச் செல்லலாம். அந்த அண்டைக் கடைக்காரர் எச்சமயத்தவராயினும், மறுப்பவர் அரிது. அவருடைய திருவிழா நாளில் அவருடைய கடையை நாம் பார்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்!

சந்தையில் இடம் பிடிப்பதிலும் ஒரு நீதி உண்டு. மதீனாச் சந்தையை நபி (ஸல்) அவர்கள் அமைத்தபோது அங்கே வரி விதிக்கலாகாது என்று கூறினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நம் ஊர்களில் சந்தைச் சுங்கத்தை உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விடுகின்றன. ஏலம் எடுத்தவர் கடைக்கு இவ்வளவு என வசூலிக்கிறார். நிர்ணயித்த தொகைக்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்று வாய் திறந்ததும் பல நேரங்களில் தொகை தானாகக் குறையும். நகரங்களில் சாலையோர வணிகருக்காக 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நகர வணிகக் குழுவில் வணிகர்களுக்கும் இடமுண்டு. வண்டிக்காரரும் கூடைக்காரரும் இதை அறிந்திருப்பது நலம்.

இறுதியாக, வாங்கும் நம்மிடம் ஒரு வார்த்தை. குளிரூட்டிய பெரிய கடையில் அச்சிட்ட விலையை ஒரு கேள்வியுமின்றிக் கொடுக்கிறோம். ஆனால் வெயிலில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் ஒரு கட்டுக் கீரைக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் வாதாடுகிறோம். பேரம் பேசுவது தவறன்று. சந்தைக்கு அது அழகும்கூட. எனினும் பேரம் யாரிடம், எதற்காக என்பதை மனம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கட்டும். விற்பவரின் தராசைச் சோதிக்கும் உரிமை நமக்குண்டு என்றால், நம் உள்ளத்துத் தராசைச் சோதிக்கும் கடமையும் நமக்கே உண்டு.

அடுத்த சந்தை நாளில் உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தராசின் முத்திரையைக் காட்டுங்கள். கூறின் அடியைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காசைத் தரகரிடம் கொடுக்காமல் விற்பவர் கையில் எண்ணி வைக்கப் பழக்குங்கள். ஏட்டில் நாம் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் நேர்மையை, ஒரு முற்பகல் சந்தை அவர்களுக்குக் கற்பித்துவிடும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.